குருமார் இல்லாத சபை



குருமார் என்றொரு தனி வகுப்பு இல்லாமல் ஒரு சமயக் குழு நிலைத்து நிற்க இயலுமா? இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் சமூகம் 350 ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவோடு வாழ்ந்து வருகிறது.

அதன் முதல்வராகிய ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691), ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கற்றதனால் மட்டும் ஒருவர் கிறிஸ்துவின் ஊழியர் ஆகிவிடார் என்று துணிந்தார். இறையொளி ஒவ்வொருவர் உள்ளத்திலும் உண்டு. ஆதலின் ஊதியம் பெறும் குரு வேண்டா என்பது அவர் கொள்கை. திருச்சபைக்குரிய தசமபாக வரியைக் கொடுக்க மறுத்துக் குவேக்கர் பலர் சிறை புகுந்தனர். அவர்தம் கூட்டத்தில் பலிபீடம் இல்லை. எழுதி வைத்த பிரசங்கம் இல்லை. அனைவரும் மௌனமாக அமர்வர். உள்ளுந்துதல் பெற்றவர் எழுந்து சில சொல்லி அமர்வர். பெண்டிர்க்கும் அவ்வுரிமை உண்டென நிறுவி மார்கரெட் ஃபெல் 1666இல் ஒரு நூலே வெளியிட்டார்.

யாரும் பேசலாம் என்பது எதையும் பேசலாம் என்பதன்று. அமெரிக்காவின் நியூஜெர்சியில் வாழ்ந்த தையற்காரர் ஜான் உல்மன் (1720–1772) இளமையில் ஒருநாள் கூட்டத்தில் எழுந்து பேசினார். தமக்கு உணர்த்தப்பட்டதற்கு மேல் சில சொற்கள் கூடிவிட்டன எனக் கருதி, வாரக்கணக்கில் மனம் நொந்து, வாய் திறவாதிருந்தார். நான்கு சொல் மிகுந்ததற்கு இத்துணை வருத்தமா என்று நமக்கு வியப்புத் தோன்றும்! அவரே பின்னாளில் அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களின் இல்லந்தோறும் சென்று, கடிந்து பேசாமல், அவர்தம் மனச்சான்றோடு உரையாடினார். ஊதியமும் பதவியும் இல்லாத அம்மனிதர் செய்ததை மேய்ப்புப் பணி என்னாமல் வேறென்னென்பது?

சொல்வன்மையும் ஆன்ம முதிர்ச்சியும் உடையோரின் பெயரைக் கூட்டத்தார் ஏட்டில் பதிவு செய்யும் வழக்கமும் இருந்தது. சிறைச் சீர்திருத்தம் செய்த எலிசபெத் ஃப்ரை 1811இல் அவ்வாறு பதிவு பெற்றவர். அவ்வழக்கம் ஏற்றத்தாழ்வுக்கு இடந்தரும் என்று கருதி, 1924இல் இலண்டன் ஆண்டுக் கூட்டம் அதனைக் கைவிட்டது.

அமெரிக்காவின் நடுமேற்கிலோ வேறு நிலை. 1870களில் எழுந்த சமய எழுச்சியால் புதியோர் திரளாக வந்து சேர்ந்தனர். மௌனத்தில் பழகாத அவர்களுக்குக் கற்பிக்கவும், நோயுற்றோரைக் காணவும், துயருற்றோரைத் தேற்றவும் முழுநேர ஆள் தேவைப்பட்டார். உழுது பிழைக்கும் குடியானவர் எத்தனை நாள் ஏரை நிறுத்திவிட்டு வர இயலும்? ஆகவே ஊதியம் பெறும் போதகர்கள் அமர்த்தப்பட்டனர். இதனைக் கொள்கைச் சிதைவு என்று பழித்தோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. எல்லோர் பொறுப்பும் என்று விட்ட பணி, யாரும் செய்யாத பணியாக முடிவதை எந்தச் சமூகம்தான் கண்டதில்லை? ஆயினும், ஒருவருக்கு ஊதியம் கொடுத்தபின் மற்றவர் தம் கடமை தீர்ந்ததென்று கைகட்டி அமர்வதும் உண்மையே.

குவேக்கர் மிகுதியாக வாழும் கென்யாவில் போதகர் தலைமையே இன்றும் நடைமுறை. எனினும், போதகர் உள்ள கூட்டங்கள் பலவற்றில் வழிபாட்டின் இடையே சிறுபொழுது மௌனம் விடப்படுகிறது. அப்பொழுது யாரும் எழுந்து பேசலாம். போதகரும் மற்றவரோடு அமர்ந்து காத்திருக்கிறார்.