கொடும்பாளூர் வழியாகச் சில புத்தகங்கள்
(பழைய மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"படித்ததில் பிடித்தது பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார்கள். நான் விமர்சகன் அல்ல. சொந்த அபிப்பிராயம்தான் சொல்வேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் மதியச் சாப்பாட்டின்போது சண்டைக்கு வரலாம்.

முதலில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வந்த தொடர். வந்தியத்தேவன் குதிரை ஏறினால் நமக்குத் தூக்கம் போய்விடும், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. நம்ம மண்ணின் பெண், கொடும்பாளூர் வானதியை எடுத்ததற்கெல்லாம் மயக்கம் போட வைத்துவிட்டார். விராலிமலைப் பக்கம் உச்சி வெயிலில் களையெடுக்கிற பெண்கள் அப்படியா விழுகிறார்கள்?

நம் பெருங்களூரில் பிறந்த அகிலன், கொடும்பாளூர் இளவரசன் இளங்கோவைக் கதாநாயகனாகவே ஆக்கி 'வேங்கையின் மைந்தன்' எழுதினார். 1963-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. பாண்டியர் மணிமுடியை மீட்க ஈழத்துக்குப் போகிற பகுதி விறுவிறுப்பு. காதல் பகுதி கொஞ்சம் நீளம். 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் 'சித்திரப்பாவை'க்குக் கிடைத்தது என்றாலும் என் ஓட்டு வேங்கைக்குத்தான்.

ராஜா கதையே போதுமா? புதுக்கோட்டையில் வாழ்ந்து 2004-இல் மறைந்த கந்தர்வனின் 'தண்ணீர்' சிறுகதையைப் படியுங்கள். குடிதண்ணீருக்காக ரயிலில் ஏறிய இந்திரா, ரயில் கிளம்பிவிட, குடத்தோடு தண்டவாளத்தில் நடந்தே திரும்புகிறாள். பிடித்த தண்ணீரைக் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. கதை இராமநாதபுரத்துக் காட்டில் நடக்கிறது. ஆனால் வானம் பார்த்த பூமிக்காரர்களான நமக்கு அதைப் பொழிப்புரை சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இத்தனையையும் சொல்லிவிட்டு, என்னை மிகவும் கட்டிப்போட்டது கதைப் புத்தகமே அல்ல என்றால் சிரிப்பீர்கள். கே. ஆர். வெங்கடராம ஐயர் ஆங்கிலத்தில் தொகுத்த புதுக்கோட்டை சமஸ்தான மானுவல். 1938-க்கும் 1944-க்கும் இடையே வெளிவந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948-இல். அதற்குள் கண்மாய், கோயில், ஊர் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார்கள். நடை வறட்சிதான். ஆனால் அதைப் படித்துவிட்டுக் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போய் நின்று பாருங்கள். மூன்றில் இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். பூதி விக்கிரமகேசரி தன் பெயரால் ஒன்றும், தன் தேவியர் கற்றளி, வரகுணை பெயரால் ஒவ்வொன்றுமாக எடுப்பித்தான் என்று அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது. அந்த இரண்டு பெண்கள் பெயரும் ஆயிரம் வருஷமாகக் கல்லில் இருக்கிறது. கல்கியின் வானதியைவிட இவர்களிடம்தான் எனக்கு மரியாதை.

கல்லுக்குப் பயமில்லை, காகிதத்துக்குத்தான் பயம். பழைய பேப்பர் கடையில், தராசுத் தட்டில் தமிழ்ப் புத்தகங்களின் முதல் பதிப்புகள் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். தாத்தா காலமானதும் பேரன்கள் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பையன்களைத் திட்டிப் பயனில்லை. அது என்ன புத்தகம் என்று நாம் சொல்லவே இல்லையே. நம் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் ஞானாலயா நூலகத்தை உருவாக்கியது, இப்படிப் போகிற முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்துத்தான். இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்தில் தொடங்கிய வேலை அது.

உங்கள் வீட்டுப் பரணில் மானுவலோ, பழைய மலர்களோ இருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. நானே வந்து எடுத்துக்கொண்டு போய் நூலகத்தில் சேர்க்கிறேன். காப்பி மட்டும் கொடுங்கள், போதும்.