வள்ளி திருமணத்தில் ஆர்மோனியம்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

போன வருடம் நம்ம கல்லூரி மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கண்ணகி கதையை ஐந்து நிமிடக் கார்ட்டூன் படமாகக் கம்ப்யூட்டரிலேயே செய்திருந்தார். கணவன் கொலையுண்ட சேதி கேட்டுக் கண்ணகி மதுரைத் தெருவில் நடக்கிறாள். பின்னணியில் எலெக்ட்ரிக் கிட்டார்! "என்னப்பா இது, கண்ணகி காலத்துல ஏது கிட்டாரு? வீணை, வயலின்னு போட்டா என்ன?" என்று சத்தம் போட்டுவிட்டேன். தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. வயலினை வைத்துக் கொண்டுவந்து காட்டினார். படம் சப்பென்று ஆகிப்போனது. கண்ணகியின் கோபத்தைக் காணோம்.

அன்று ராத்திரி எங்கள் அப்பாவின் ஆர்மோனியப் பெட்டி கண்ணில் பட்டது. எங்க ஊர் பசுவந்தனைப் பக்கம் கோயில் கொடை என்றால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் நடக்கும். அப்பாதான் ஆர்மோனியப் பின்பாட்டு. ஆர்மோனியம் 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிறந்த பெட்டி. அகில இந்திய வானொலியே அதற்கு 1940-இல் தடை போட்டது, 1971-இல்தான் தளர்த்தியது. ஆனால் கரிசல்காட்டுச் சனம், "முருகன் காலத்துல ஏதுய்யா ஆர்மோனியம்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. வள்ளி அழுதால் சேர்ந்து அழுதார்கள். அவ்வளவுதான்.

சரி, நான் சிபாரிசு செய்த வயலின் மட்டும் கண்ணகி காலத்ததா? அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கிய முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர், நம்ம எட்டயபுரம் சமஸ்தான வித்வான்! அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் காலமானதும் எட்டயபுரத்தில்தான். இங்கிலீஷ் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றில் நம் தெய்வங்கள் மேல் 'நோட்டு ஸ்வர' சாகித்யங்கள் செய்தவர் அவர். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டுக்கூட அம்பாள் பாட்டாகிவிட்டது.

சிலப்பதிகாரத்து யாழ் வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டு. விபுலானந்த அடிகள் பல வருடம் ஆராய்ந்து 1947-இல் 'யாழ் நூல்' தந்தார். ஆனாலும் அன்று காதில் விழுந்த இசையை அப்படியே கேட்க வழியில்லை. ஆகவே, பழங்கதைக்கு நாம் எதை வாசித்தாலும் அது பிற்காலத்து இசைதான். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த இடத்தில் இந்த இசை ஏன்?

டிஸ்னியின் 'ஹெர்குலிஸ்' 1997-இல் வந்தது. கிரேக்கக் கலைத் தேவதைகள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாணியில் பாடுவார்கள். துதி பாடுவது அவர்கள் வேலை. அந்தப் பாணியும் துதிக்கென்றே பிறந்தது. பொருந்திவிட்டது. நீனா பேலி என்ற அமெரிக்கப் பெண்மணி 2008-இல் 'சீதா சிங்ஸ் த புளூஸ்' என்ற கார்ட்டூன் படம் எடுத்தார. அதில் சீதை பாடுவது, ஆனெட் ஹான்ஷா என்ற பாடகி 1920-களை ஒட்டிப் பதிவு செய்த ஜாஸ் பாட்டுகள். படத்துக்கு எதிர்ப்பும் வந்தது. ஆனால் கைவிடப்பட்ட பெண்ணின் துயரம் அந்தக் குரலில் இருந்தது.

நம்மிடமும் 2014-இல் 'கோச்சடையான்' வந்தது. வாளும் குதிரையுமான கதைக்கு ரஹ்மான் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இசை தந்தார். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் தம்பிமார்களே, பிரம்மாண்டம் என்றாலே ஆர்க்கெஸ்ட்ராதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம்ம ஊர் உறுமியும் தவிலும் கொட்டும்போது உடம்பு சிலிர்க்கவில்லையா? கைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்று எதையும் ஒட்டாதீர்கள். காரணம் இருந்தால் கிட்டாரும் சரி, இல்லாவிட்டால் வீணையும் தப்பு.

அந்த மாணவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். தம்பி, நான் சொன்னது தப்பு. கண்ணகிக்கு அந்தக் கிட்டாரையே திருப்பிப் போடுங்கள். கூடவே ஒரு உறுமியும் சேர்த்துப் பாருங்கள். அப்பாவின் ஆர்மோனியம் வேண்டுமென்றாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். துருத்தியை மட்டும் பழுது பார்க்க வேண்டியிருக்கும்.