வாகனமும் ஓர் அமானிதமே!

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!



நடுத்தரக் குடும்பத்தின் வாசலில் ஒரு சிறிய கார் நிற்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. தந்தை வளைகுடாவில் வியர்வை சிந்தி ஈட்டிய பணமோ, கடையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமோ அந்தக் காராக வந்து நிற்கின்றது. வந்த சில மாதங்களிலேயே வீட்டு இளைஞரின் உள்ளத்தில் வேறோர் ஆசை பிறக்கின்றது. கம்பெனி கொடுத்த வேகம் அவருக்குப் போதவில்லை. கொடுத்த ஓசை போதவில்லை. கொடுத்த உயரம் அதிகமாகத் தெரிகின்றது. சைலன்சர் மாறுகின்றது, ஸ்பிரிங் மாறுகின்றது, எஞ்சினை இயக்கும் கணினியின் கணக்குகளே மாறுகின்றன. "என் கார், என் பணம், என் விருப்பம்" என்கின்றார். இந்தச் சொல் சரிதானா என்பதையே இன்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வேகத்தை மார்க்கம் வெறுக்கவில்லை

இளைஞர்களே! வேகத்தை விரும்புவது பாவம் என்று உங்களிடம் யாரேனும் கூறினால் அது முழு உண்மையன்று. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியுள்ளார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. தீனியை முறைப்படுத்தி உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து தனிய்யத்துல் வதா வரை எல்லை வகுக்கப்பட்டது. அது ஐந்தாறு மைல் தொலைவு. அவ்வாறு பழக்கப்படாத குதிரைகளுக்குத் தனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே எல்லை. அது ஏறத்தாழ ஒரு மைல்.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. எந்தக் குதிரைக்கு எவ்வளவு திறனோ அவ்வளவே தொலைவு. யாவும் எல்லோரும் அறிய நடந்தன. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் வேகம் வீரமாகின்றது. இம்மூன்றும் இல்லாத இடத்தில் அதே வேகம் அநீதியாகிவிடுகின்றது.

எதை மாற்றுகின்றோம்?

மாற்றங்கள் அனைத்தும் ஒன்றல்ல. அவற்றை அறிந்து பேசுவதே நீதி.

ஏர் ஃபில்டரை மாற்றுவதால் சாதாரண பெட்ரோல் எஞ்சினில் கிடைக்கும் கூடுதல் சக்தி மிகச் சொற்பம். பெரும்பாலும் கூடுவது உறிஞ்சும் ஓசைதான். ஓசை கூடியதைச் சக்தி கூடியதாக மனம் எடுத்துக்கொள்கின்றது. செலவழித்தவர் ஏமாற்றப்படவில்லை, தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றார்.

டர்போ பொருத்தப்பட்ட எஞ்சினில் ரீமேப் செய்தால் உண்மையாகவே சக்தி கூடும். டர்போவின் காற்றழுத்தத்தையும், எரிபொருளின் அளவையும், தீப்பொறி விழும் நேரத்தையும் கட்டுப்படுத்தும் கணக்குகளை மாற்றி எழுதுவதே ரீமேப். அந்தச் சக்தி எங்கிருந்து வருகின்றது? கடும் வெயில், தரம் குறைந்த பெட்ரோல், மலையேற்றம், தேய்ந்த பாகம் ஆகிய எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துப் பொறியாளர்கள் ஓர் இடைவெளியை விட்டுவைத்திருக்கின்றார்கள். ரீமேப் அந்தப் பாதுகாப்பு இடைவெளியை எடுத்துச் செலவழிக்கின்றது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் எண்ணாக 91ஐ வகுத்திருந்தன. உயர்ரகப் பெட்ரோலுக்கு 95. உயர்ரகத்தை நம்பி எழுதப்பட்ட ரீமேப்புடன் ஓடும் காரில், வழியில் கிடைத்த சாதாரண பெட்ரோலை நிரப்பினால் எஞ்சினுக்குள் நாக்கிங் உண்டாகலாம். அது தொடர்ந்தால் பிஸ்டனே சேதமடையும். கிளட்சும் கியர்பாக்ஸும் முன்பு எவ்வளவு தாங்கக் கட்டப்பட்டனவோ அவ்வளவே இன்றும் தாங்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது இவற்றுள் மிகவும் ஆபத்தானது. ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் அசையும் இடம் குறைந்துவிடும். வேகத்தடையிலும் பள்ளத்திலும் சக்கரம் சாலையைப் பற்றும் பிடி தளரும். குடும்பம் முழுவதும் அமர்ந்து, பின்னால் பெட்டிகளும் ஏற்றப்பட்ட நாளில் டயர் உடலில் உரசும்.

கூடிய வேகமும் கூடாத பிரேக்கும்

சகோதரர்களே! பள்ளிக்கூடத்தில் நாம் அனைவரும் படித்த ஒரு கணக்கை நினைவூட்டுகின்றேன். வேகம் இரு மடங்கானால் வாகனத்தின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்து 15 மீட்டரில் நிற்கும் கார், அதே சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நிற்பதற்கு 60 மீட்டர் வேண்டும். இது பிரேக் மிதித்த பின் ஓடும் தூரம் மட்டுமே. 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒவ்வொரு நொடியும் 20 மீட்டர் கடக்கின்றது. குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு, உணர்ந்து, கால் பிரேக்குக்குச் செல்ல ஒரு நொடி ஆனால், அந்த 20 மீட்டரும் நம் கையைவிட்டுப் போய்விட்டது.

சக்தியைக் கூட்டுபவர்களில் எத்தனை பேர் முதலில் பிரேக்கை நினைக்கின்றார்கள்? டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருப்பதை எத்தனை பேர் படிக்கின்றார்கள்? அங்கே 84 என்ற எண் இருந்தால் அந்த டயர் 500 கிலோ எடையைத் தாங்கும் என்று பொருள். அதையடுத்து எஸ் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 180 கிலோமீட்டர் வேகமும், எச் என்ற எழுத்து இருந்தால் 210 கிலோமீட்டர் வேகமும் அதன் எல்லை. அழகுக்காக வாங்கிய அலாய் வீலுக்கு ஏற்றாற்போல், கம்பெனி குறிப்பிட்ட எடையைத் தாங்காத டயரை மாட்டுவது, ஏணியின் படிகளைத் தளர்த்திவிட்டு ஏணிக்கு வர்ணம் பூசுவதற்கு ஒப்பாகும்.

நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்வதைத் திருக்குர்ஆன் தடுக்கின்றது. அந்தத் தடை, அருகிலும் பின்னிருக்கையிலும் நம்மை நம்பி அமர்ந்திருக்கும் தாய்க்கும் தங்கைக்கும் சேர்த்தே காவலாக நிற்கின்றது.

அண்டை வீட்டாரின் உரிமை

சைலன்சரை மாற்றுபவர் தம் செவிக்காக மாற்றுகின்றார். அதைக் கேட்கும்படி ஆவதோ தெரு முழுவதும். அத்தெருவில் ஒரு நோயாளி இருப்பார். இரவெல்லாம் அழுது அப்போதுதான் உறங்கிய கைக்குழந்தை இருக்கும். தஹஜ்ஜத் தொழுகையில் நிற்கும் முதியவர் இருப்பார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான குடியிருப்புப் பகுதியின் ஒலியளவை 45 டெசிபலாக வரையறுக்கின்றன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக்க அவை வழிசெய்கின்றன. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருபவரைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை அறிந்த நமக்கு, இந்த விதிகள் புதிய பாடமல்ல.

ஓசையைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத புகை. காருக்கு அடியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்றொரு பாகம் உண்டு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் அதற்குள் பூசப்பட்டுள்ளன. கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களை அது தீங்கு குறைந்தவையாக மாற்றுகின்றது. 1995ஆம் ஆண்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. சிறிதளவு சக்திக்காக அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைக்கின்றார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட ஏறத்தாழ இருநூறு மடங்கு வலிமையாகப் பற்றிக்கொள்ளும். பற்றவைத்த இணைப்பில் ஒரு சிறு கசிவு இருந்தால், கண்ணாடியை ஏற்றிவிட்டு உறங்கும் குடும்பத்திற்கு அது எமனாகலாம். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகக் கற்ற சமுதாயம், பாதையில் நஞ்சைப் பரப்பிச் செல்வது தகுமா?

தானியக் குவியலின் ஈரம்

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். உள்ளே கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் கூறினார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட அண்ணலார், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். அங்கே மழையில் நனைந்தது குற்றமாகவில்லை. மறைத்ததே குற்றமாயிற்று.

இன்று அந்த ஈரம் எங்கெல்லாம் மறைக்கப்படுகின்றது பாருங்கள். சர்வீசுக்குக் கொண்டுசெல்லும் முன் கம்பெனியின் பழைய கணக்கை எஞ்சின் கணினியில் திரும்ப ஏற்றி, வாரண்டி கேட்கின்றார்கள். ஒன்றும் மாற்றவில்லை என்று இன்சூரன்ஸ் படிவத்தில் கையெழுத்திடுகின்றார்கள். மூன்று ஆண்டுகள் கசக்கிப் பிழிந்த எஞ்சினை, "குடும்பத்தினர் மட்டுமே ஓட்டிய கார்" என்று விற்றுவிடுகின்றார்கள். வாங்குபவர் தம் மகளின் திருமணத்திற்குப் பின் மிஞ்சிய பணத்தில் வாங்குபவராக இருக்கலாம். விபத்து நேர்ந்த நாளில் அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ் நிறுவனத்திற்கு இடமுண்டு. அன்று துன்பப்படுவது மாற்றியவர் மட்டுமல்லர்.

நாட்டின் சட்டமும் தெளிவாகவே உள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கின்றது. அங்கீகரிக்கப்பட்ட எரிவாயுக் கருவி பொருத்துவது போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்துள்ளது. பதிவு செய்தபோது நாம் ஏற்றுக்கொண்ட நிபந்தனை இது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது இறைநம்பிக்கையாளரின் பண்பன்றோ?

ஓர் எளிய உரைகல்

பாவம் எது என்று வினவிய தோழருக்கு, உள்ளத்தை உறுத்துவதும், பிறர் அறிவதை நாம் விரும்பாததுமே பாவம் என்னும் கருத்தை நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இளைஞர்களே! ஒர்க்‌ஷாப்பிற்குள் நுழையும் முன் இந்த உரைகல்லில் உங்கள் ஆசையை உரைத்துப் பாருங்கள். நான் செய்யப்போவதைத் தந்தையிடம் சொல்ல முடியுமா? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்ல முடியுமா? இன்சூரன்ஸ் படிவத்தில் எழுத முடியுமா? நாளை வாங்குபவரிடம் மறைக்காமல் கூற முடியுமா? இந்த நான்கு கேள்விகளுக்கும் "ஆம்" என்று நெஞ்சு சொன்னால் மனநிறைவோடு செய்யுங்கள். ஒன்றுக்கேனும் நா தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

காரின் மீதுள்ள அன்பைக் காட்ட ஆகுமான வழிகள் நிறைய உண்டு. கம்பெனி குறித்த அளவிலேயே நல்ல தரமான டயர் வாங்குங்கள். தேய்ந்த பிரேக் பேடையும் ஷாக் அப்சார்பரையும் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. குறித்த காலத்தில் அதை மாற்றுங்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யாதபடி முகப்பு விளக்கைச் சரிசெய்யுங்கள். வேகத்தில்தான் உங்கள் நாட்டம் என்றால் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் பந்தயப் பாதைகள் உள்ளன. வரையறுத்த எல்லையும், தலைக்கவசமும், கண்காணிப்பும் உள்ள இடம் அது. ஹஃப்யாவின் நியதி அங்கே இருக்கின்றது. பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகள் நிற்கும் சாலையில் அது இல்லை.

பெற்றோர்களே! பிள்ளை கேட்டவுடன் பணத்தை நீட்டுவதும், கேட்டவுடன் சீறுவதும் ஒன்றுபோலவே பயனற்றவை. சீறினால் அவன் மறைப்பான். அருகில் அமர்ந்து, எதை மாற்றப் போகின்றாய், ஏன் மாற்றுகின்றாய், பிரேக்குக்கு என்ன செய்வாய் என்று கேளுங்கள். அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் இழுக்கு ஏதுமில்லை. மறைக்கத் தேவையில்லாத வீட்டில் வளரும் பிள்ளை, சாலையிலும் மறைவான காரியம் செய்யத் துணிய மாட்டான்.

சகோதரர்களே! சாவி நம் கையில் இருக்கலாம். சாலையில் செல்லும் உயிர்கள் நமக்குச் சொந்தமானவை அல்ல. செல்வத்தை எங்ஙனம் ஈட்டினோம், எதில் செலவழித்தோம் என்ற கேள்வி மறுமையில் நமக்குக் காத்திருக்கின்றது. அந்தக் கேள்விக்கு முன் நிற்கும்போது, நம் வாகனம் பிறருக்குத் துன்பமாக இருந்ததற்குச் சாட்சியாகாமல், குடும்பத்தைச் சுமந்து பத்திரமாக வீடு சேர்த்ததற்குச் சாட்சியாகட்டும்.

பயணங்களை இலேசாக்கி, நம் பிள்ளைகளையும் சாலையில் செல்லும் அனைவரையும் பாதுகாத்து, சொல்லிலும் செயலிலும் மறைவற்ற வாய்மையை அல்லாஹ் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.