தரமணியிலிருந்து வில்லியனூருக்கு



பட்டமளிப்பு விழாவுக்கு வந்தவன் உபதேசம் செய்வான் என்பதும், அது எப்போது முடியும் என்று கறுப்பு அங்கியின் புழுக்கத்தில் மாணவர்கள் காத்திருப்பார்கள் என்பதும் நெடுநாளைய சம்பிரதாயம். அதை நான் முற்றிலும் மீறப்போவதில்லை. ஆயினும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசிவிட்டு அமர உத்தேசித்திருக்கிறேன். ஏழை நாடுகளின் அபிவிருத்திக்குத் தொழில்நுட்பம் துணை நிற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஏற்பட்ட சர்வதேச ஸ்தாபனங்களில் உங்களில் சிலர் இன்டர்ன்ஷிப்புக்குப் போக இருப்பதாகக் கல்லூரி முதல்வர் பெருமையோடு சொன்னார். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வளர்ந்த பிள்ளைகள் ஜெனீவாவுக்கும் வியன்னாவுக்கும் போவது பெருமைக்குரியதுதான். அங்கே போய் எதைக் கவனிப்பது என்பதே என் விஷயம்.

அபிவிருத்திக்கான தொழில்நுட்பம் என்பது மேல்நாட்டில் உற்பத்தியாகி நம் துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இதே அடையாற்றில், 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில், பின்னர் அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் நாயுடம்மா, விஞ்ஞானிகளையும் தோல் பதனிடுகிறவர்களையும் ஒரே கூடத்தில் ஆண்டுதோறும் உட்கார வைத்தார். தோலின் நாற்றத்தோடு வாழ்ந்தவனுக்குத் தெரிந்தது ஆராய்ச்சிக்காரனுக்குத் தெரியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1985 ஜூன் மாதம் கனடாவிலிருந்து புறப்பட்ட கனிஷ்கா விமானம் கடலில் வீழ்ந்தபோது அவரும் மாண்டார். உலக ஸ்தாபனங்கள் ஆலோசனை கேட்ட அந்த மனிதரை இந்தத் தெருக்களில் இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று எனக்கு ஐயம் உண்டு.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வேறொரு கதை. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1987-ல் தமக்குக் கிடைத்த உலக உணவுப் பரிசின் தொகையைக் கொண்டு மறு ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை ஏற்படுத்தினார். அது தரமணியில் இருக்கிறது. கனடா நாட்டுப் பார்லிமெண்டு 1970-ல் தோற்றுவித்த சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி மையத்தின் பொருளுதவியோடு, 1998-ல் அந்நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்தது. வில்லியனூர் அவற்றுக்கு நடுநாயகம். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலமாதலால் காவல்துறையார் கையில் வைத்திருப்பது போன்ற இருவழி ரேடியோக்களின் மூலமாகவே கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குச் செய்தி போயிற்று. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாததால் கூரைமேல் சூரிய ஒளித் தகடுகளை வைத்தார்கள். மையத்துக்கு இடம் கொடுப்பது ஊராரின் பொறுப்பு. அந்த இடத்துக்குள் தாழ்த்தப்பட்டவர் உட்பட எல்லாச் சாதியாரும் தடையின்றி வந்து போக வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. மையத்தை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். அவர்களில் பெண்கள் அநேகர்.

இயந்திரங்களை வாங்குமுன் ஊராருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். உழவர்கள் விதையின் விலையையும், உரத்தின் இருப்பையும், அரசாங்கச் சலுகைகளில் தங்கள் பெயர் உண்டா என்பதையும் கேட்க, கடற்கரையிலுள்ள வீராம்பட்டினத்து மீனவர்களுக்கோ நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்ற ஒன்றே முதற் கவலையாக இருந்தது. அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காக உலகத்துக் கடல்களின் அலையுயரத்தைக் கணித்து இணையத்தில் வெளியிட்டுவந்தது. வில்லியனூரில் இருந்தவர்கள் அந்தக் கணிப்பைப் பார்த்து, வங்கக் கடலின் இந்தக் கரையோரத்துக்கு உரியதை மட்டும் பிரித்தெடுத்து, தமிழில் பேசிப் பதிவு செய்து வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கிகளில், அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தி தெருத்தெருவாக ஒலிக்கும். போர்க்கப்பலுக்காகப் போட்ட கணக்கு கட்டுமரத்துக்குப் பயன்பட்ட இந்த விந்தையை எந்த ஸ்தாபனமும் தன் திட்ட அறிக்கையில் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. அதே கரையிலுள்ள நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர், முன்பு அவ்வூர்த் தகவல் மையத்தில் தொண்டு செய்தவர், அப்போது சிங்கப்பூரில் உத்தியோகத்தில் இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டவுடன் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். ஊரார் பூட்டிக் கிடந்த மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியை இயக்கி, எல்லோரும் கரையைவிட்டு ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். ஊர் பிழைத்தது. அந்தக் கருவி ஆழிப்பேரலைக்காக வைத்ததன்று. ஆயினும் உள்ளே என்ன இருக்கிறது, எந்தப் பொத்தானை அழுத்தினால் தெரு முழுவதும் கேட்கும் என்பது கதவை உடைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. தரமணியிலிருந்தோ கனடாவிலிருந்தோ பொறியாளர் யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதைக் கேட்டு எல்லாம் சுபம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தியாவின் ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் அறிவு மையம் என்று 2007-ஐ இலக்காக வைத்து ஒரு பெரும் இயக்கம் புறப்பட்டது. அந்த ஆண்டும் போயிற்று, மையமில்லாத கிராமங்களும் அப்படியே இருந்தன. கைபேசி வந்த வேகத்தில் இருவழி ரேடியோவும் பழங்கதையாயிற்று. இப்போது அலைச் செய்தி மீனவருடைய சட்டைப்பையிலேயே ஒலிக்கிறது. இலக்கங்களை வைத்துப் போடும் திட்டங்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. வீராம்பட்டினம் பயன் அடைந்தது, அந்த ஊரின் கேள்வி அந்த ஊர்க்காரரின் வாயாலேயே வந்து, கேட்டவர் காதில் விழுந்ததனால்தான்.

நீங்கள் போகிற காரியாலயத்தில் உங்களுக்குப் பெரும்பாலும் அறிக்கை எழுதும் வேலையே கிடைக்கும். பயனாளிகள் என்ற தலைப்பின் கீழ் ஒரு பத்தி நிரம்ப வேண்டியிருக்கும். அந்தப் பத்தியில் வருகிறவர் யாராவது அந்தக் காரியாலயத்தின் மேஜை முன் உட்கார்ந்திருக்கிறாரா என்று சுற்றிப் பாருங்கள், அநேகமாக இருக்கமாட்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு: ஐக்கிய நாடுகளின் தலைமைச் செயலகம் தன் பயிற்சி மாணவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. 2015-ல் ஜெனீவாவில் நியூஸிலாந்திலிருந்து வந்த அப்படிப்பட்ட மாணவர் ஒருவர், அறை வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியாயிற்று. நியூஸிலாந்துப் பிள்ளைக்கே இந்தக் கதியென்றால், அடையாற்றில் சொந்த வீடு உள்ளவரின் பிள்ளை வேண்டுமானால் போகலாம். வீராம்பட்டினத்து வலைக்காரரின் மகள், எத்தனை முதல் வகுப்பு வாங்கினாலும், விமானச் சீட்டைப் பற்றி யோசிக்கக்கூட முடியாது. மீனவரைப் பற்றிய அறிக்கையை, கடற்கரையை மாலை நேரத்துக் காற்றுக்காக மட்டுமே அறிந்தவர்கள் எழுதும்படி ஆகிவிடுகிறது. இது யாருடைய துர்நோக்கத்தாலும் நடப்பதில்லை, நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆகையால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இந்தக் கல்லூரியின் விடுதியில் நாகப்பட்டினத்திலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு பேரையாவது வழிச்செலவும் வாடகையும் சாப்பாடும் கொடுத்து இத்தகைய ஸ்தாபனங்களுக்கு அனுப்பக்கூடிய மூலதனம் ஒன்றைத் திரட்டுங்கள். கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். இதற்கு அது கிடையாது. முதல் சந்தாவை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.