முதலில் கை நீட்டியவர்கள்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



மேலே தோல் மூடியிருக்கும், உள்ளே சீழ் வைத்திருக்கும். இப்படிப்பட்ட புண்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். தேசங்களுக்கும் அத்தகைய புண்கள் உண்டு. ஐரோப்பாவின் அண்டை நாடுகளான போலந்தும் ஜெர்மனியும் அதற்குச் சாட்சி.

1795இல் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசு, ரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் சேர்ந்து போலந்தை முழுவதும் பங்கிட்டுக்கொண்டது. 1918 வரை, 123 ஆண்டுகள், போலந்து என்றொரு தனிநாடே இல்லை. 1939 செப்டம்பர் 1ஆம் தேதி ஹிட்லரின் சேனை அந்த நாட்டுக்குள் புகுந்தது. அந்தப் போரில் ஏறக்குறைய 60 லட்சம் போலந்துக் குடிமக்கள் மாண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் யூதர்.

ஆனால் ஜெர்மானியருக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. 1945இல் எல்லை மேற்கே ஓடர், நைசே நதிகளுக்குத் தள்ளப்பட்டது. அதற்குக் கிழக்கே தலைமுறைகளாக வாழ்ந்த லட்சக்கணக்கான ஜெர்மானியர் வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டார்கள். பிரெஸ்லாவ் என்ற பட்டணம் விரோத்ஸ்வாஃப் ஆயிற்று. இருபது ஆண்டுகள் இரு ஜனங்களும் தங்கள் தங்கள் கண்ணீரை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1965 அக்டோபரில் ஜெர்மனியின் சுவிசேஷத் திருச்சபை ஓர் அறிக்கை வெளியிட்டது. போலந்துடன் ஒப்புரவாகவும், எல்லைப் பிரச்சினையைப் புதிய மனதோடு பார்க்கவும் அது ஜெர்மானியரை அழைத்தது. சொந்த நாட்டிலேயே அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதம் 18ஆம் தேதி, வத்திக்கான் சங்கத்துக்காக ரோமாபுரியில் கூடியிருந்த போலந்து ஆயர்கள், ஜெர்மானிய ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அதை வரைந்தவர் விரோத்ஸ்வாஃபில் ஊழியம் செய்த பேராயர் கோமினெக். தங்கள் ஜனம் பட்ட பாடுகளில் ஒன்றையும் அவர்கள் மறைக்கவில்லை. துரத்தப்பட்ட ஜெர்மானியரின் துயரத்தையும் மறக்கவில்லை. முடிவில் மன்னிப்பை அளித்தார்கள். தாங்களும் மன்னிப்புக் கேட்டார்கள்.

அதிகம் இழந்தவர்களே முதலில் கை நீட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். அதற்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். கம்யூனிஸ்ட் அரசு அவர்களைத் தேசத்துரோகிகளைப்போல் தூற்றியது. "நாம் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?" என்று சபை மக்களே மனம் நொந்தார்கள். ஜெர்மானிய ஆயர்களின் பதிலோ அன்பாயிருந்தும், எல்லை விஷயத்தில் தயங்கியது.

ஆயினும் விதை முளைத்தது. 1970 டிசம்பர் 7ஆம் தேதி மேற்கு ஜெர்மனியின் தலைவர் வில்லி பிராண்ட், வார்சாவில் யூதரின் நினைவுச் சின்னத்தின் முன் முழங்காற்படியிட்டார். 1990இல் ஒன்றுபட்ட ஜெர்மனி அந்த எல்லையை உடன்படிக்கையில் உறுதிப்படுத்தியது.

புண் முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டோம். 2022இல் போலந்து அரசு போர் நஷ்டஈடு கேட்டது. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்றது ஜெர்மனி. பழைய புண்ணை ஒரே தரம் கழுவினால் போதாது. நாள்தோறும் கட்ட வேண்டும்.

நமக்கு வந்த நஷ்டத்தை நாம் நன்றாய் நினைவில் வைத்திருக்கிறோம். எதிரேயிருப்பவரின் கண்ணீரையும் அந்தக் கணக்கில் எழுதும் துணிவை ஆண்டவர் நமக்குத் தருவாராக.