முட்டி தட்டும் கால்களுக்கு மருத்துவம்



நிமிர்ந்து நிற்கையில் இரு முழங்கால்களும் ஒன்றோடொன்று தட்ட, கணுக்கால்கள் மட்டும் விலகி நிற்போரை நாம் கண்டிருக்கிறோம். ‘பிறவிக் கோணல், இனி என்ன செய்வது’ என்று அவர்கள் சலித்துக் கொள்வதையும் கேட்டிருக்கிறோம். கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், இன்றும் நம்மவர் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில் இத்தகையோர் பலர் வலியைப் பொறுத்துக்கொண்டே பால் வெட்டுகின்றனர். காலம் கடந்த பின்னரே மருத்துவரை நாடுகின்றனர் என்பதுதான் வருத்தத்திற்குரியது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு முட்டி தட்டுவது இயல்பு. ஏழெட்டு வயதுக்குள் அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதற்குப் பின்னும் நீடிப்பின் காரணம் தேட வேண்டும். சத்துக் குறைவால் எலும்பு மென்மையாதல், முறிந்த எலும்பு கோணலாகப் பொருந்துதல், மூட்டுவாதம் என்பன சில காரணங்கள்.

குடிநீரும் காரணமாகலாம். நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த பழைய சேலம் மாவட்டத்தில் 1965 வரை அடங்கியிருந்தது தருமபுரி. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல்லில் கறையும் எலும்பில் கேடும் விளைந்தன. ஆந்திரத்தில் அத்தகைய நீரைப் பருகியோர்க்கு முட்டி தட்டும் கால் உண்டாவதை, ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரி, கமலா கிருஷ்ணசாமி ஆகிய இருவரும் 1973இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினர். தருமபுரிக்கு ஒகேனக்கல் திட்டத்தின் வழியே காவிரி நீர் 2013இல் வந்து சேர்ந்தது. நல்ல நீர் வளரும் பிள்ளைகளைக் காக்கும். ஆனால், முன்பே வளைந்து முற்றிவிட்ட எலும்பை அது நிமிர்த்தாது.

பெரியவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே. வளர்ச்சி நின்ற எலும்பை எண்ணெய் தேய்த்து உருவுவதாலோ, இரவில் கால்களைச் சேர்த்துக் கட்டுவதாலோ, பட்டை அணிவதாலோ நேராக்க இயலாது. சந்தையில் விற்கும் பதிவில்லாத வலி மருந்துகளையும் நம்பாதீர்கள். அவற்றுட் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பன்முறை கண்டறிந்துள்ளனர். வலி உடனே மறையும். எலும்பும் சிறுநீரகமும் கெடும்.

அப்படியாயின் எல்லோர்க்கும் அறுவை வேண்டுமா? வேண்டியதில்லை. முழங்கால்கள் லேசாகத் தொடுமாறு நின்று, உட்கணுக்களின் இடைவெளியை அளந்து பாருங்கள். 8 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் பொதுவாக மிகுதி என்பர். (தொடை பருத்தவர்க்கு இவ்வளவு சரியாக வராது.) கோணல் இருந்தும் வலியில்லாதவர் கவலையின்றி வாழலாம். சிறிதளவு வலியுள்ளவர்க்குத் தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சியும், உடல் எடைக் குறைப்பும் பெரிதும் உதவும். முட்டி தட்டும் காலில் பாரம் மிகுதியாக மூட்டின் வெளிப்பக்கத்தில் விழுகிறது. காண்டா வாளியைச் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் நடப்பவர்க்கும், தாழ்ந்த வெட்டுக்குக் குந்தி எழுபவர்க்கும் அப்பக்கத்துக் குருத்தெலும்பு தேய்கிறது. வலி மிகுந்தால், ஒரு கால் மட்டும் வளைந்தால், கோணல் ஆண்டுக்காண்டு கூடினால் தாமதிக்கலாகாது.

அறுவை முறை புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை ஆலைப் புகை மூடியிருந்தது. வெயிலும் நல்ல உணவுமின்றித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கால் வளைந்து வளர்ந்தனர். வில்லியம் மெக்இவென் என்னும் மருத்துவர், முழங்காலுக்குச் சற்று மேலே தொடையெலும்பை உளியால் வெட்டி அவர்களின் கால்களை நேராக்கினார். 1880இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். இன்றும் தத்துவம் அதுவே. நிற்க வைத்து இடுப்பு முதல் கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுத்து, வளைவின் இடத்தையும் அளவையும் கணக்கிட்டு, எலும்பை வெட்டித் திருத்தித் தகடும் திருகாணியும் பொருத்துவர். ஏறத்தாழ ஆறு வாரம் ஊன்றுகோலுடன் நடக்க வேண்டும். கடும் வேலைக்குத் திரும்ப அரையாண்டும் ஆகலாம். கிருமித் தொற்று, எலும்பு பொருந்தத் தாமதம் போன்ற இடர்களும் உண்டு. புகைப்போர்க்கு எலும்பு கூடுவது தாமதமாகும். ஆயினும் சொந்த மூட்டு நிலைக்கிறது. குருத்தெலும்பு ஓரளவு மீந்திருப்போர்க்கே இது பொருந்தும். மூட்டு முழுதும் தேய்ந்தபின் செயற்கை மூட்டுதான் வழி. அதன்பின் நடக்கலாம், படியேறலாம். குந்தி வெட்டுவது அரிது. நாற்பது வயதில் வர வேண்டியவர் அறுபதில் வருவதால் இழப்பது இதைத்தான்.

வளரும் பிள்ளைக்கோ வழி இன்னும் எளிது. முழங்காலின் உட்பக்க வளர்ச்சியைச் சிறு தகட்டினால் தற்காலிகமாகத் தடுத்தால், வெளிப்பக்கம் வளர்ந்து கால் தானே நேராகும். வளர்ச்சி நின்றபின் இது பலிக்காது. ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்கு முட்டி தட்டினால் உடனே காட்டுங்கள்.

முதலில் அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ செல்லுங்கள். கடிதம் பெற்றுக்கொண்டு, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை அல்லது சுங்கை பூலோ மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். தகடு, செயற்கை மூட்டு ஆகியவற்றின் செலவு அச்சுறுத்தினால், மருத்துவமனையிலுள்ள சமூகநலப் பணி அலுவலரைக் கேளுங்கள். கேட்கக் கூச்சம் வேண்டா. வேலையிலோ வேலைக்குச் செல்லும் வழியிலோ கால் முறிந்து கோணலானதாயின் சொக்சோவில் முறையிடலாம். அதற்குப் பழைய எக்ஸ்ரே படம், மருத்துவச் சீட்டு, விபத்து அறிக்கை ஆகியவற்றை இன்றே தேடி எடுத்து ஓர் உறையில் இட்டு வைத்துக்கொள்ளுங்கள்.