அறுக்கும் முன் கத்தியைத் தீட்டுங்கள்

 



துல்ஹஜ் பிறை நெருங்கினால் நம் பள்ளிக்கு வரும் கேள்விகள் அநேகம். ஆட்டின் வயது என்ன? கொம்பு முறிந்திருந்தால் கூடுமா? மாட்டின் ஏழு பங்கில் ஒருவர் விலகிவிட்டால் என்ன செய்வது? இரவு 11 மணிக்கும் தொலைபேசியில் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் கத்தியைப் பற்றி மட்டும் எவரும் கேட்பதில்லை. கத்தி அறுப்பவரோடு வரும் பொருள் என்று நாம் விட்டுவிட்டோம்.

ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு ஹதீஸை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது நாற்பது ஹதீஸ் தொகுப்பில் 17-ஆவதாகச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாக் காரியங்களிலும் இஹ்ஸானை, அதாவது அழகுறச் செய்தலை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்பது அதன் தொடக்கக் கருத்து. இத்தனை விரிந்த ஒரு விதியைச் சொன்ன பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு விளக்கமாக எதை எடுத்துக் கொண்டார்கள்? கத்தியைக் கூராக்கிக் கொள்வதையும், அறுபடும் பிராணிக்கு வேதனையைக் குறைப்பதையும் எடுத்துக் கொண்டார்கள். மிம்பரில் இந்த ஹதீஸை ஓதும் நாங்களும் முதல் பாதியில் நெடுநேரம் நின்று பேசிவிட்டு, கத்தி வரும் இடத்தில் வேகமாகக் கடந்து விடுகிறோம்.

முஸ்லிமில் இன்னோர் அறிவிப்பும் உண்டு. கால்களும் வயிறும் கண்ணோரமும் கருத்த கொம்புக் கடா ஒன்று குர்பானிக்காகக் கொண்டு வரப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கத்தியைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை ஒரு கல்லில் தீட்டித் தரும்படியும் சொன்னார்கள். அன்னையவர்கள் அவ்வாறே செய்தார்கள். உலகத்தின் மிக உயர்ந்த இல்லத்தில் கத்தி தீட்டியது வீட்டுப் பெண்மணி, சாதாரணக் கல்லில். இது கசாப்புக்கடைக்காரருக்கு மட்டும் உரிய கலை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொருவர் ஆட்டைப் படுக்க வைத்துவிட்டு அதன் கண்ணெதிரே கத்தி தீட்டியபோது, அதைப் பல முறை சாகடிக்க விரும்புகிறாயா என்ற பொருளில் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பிராணியைப் படுக்க வைத்த பிறகு கத்தியைத் தீட்டுவது மக்ரூஹ் என்று ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயா கூறுகிறது. ஷாஃபிஈ ஃபுகஹாக்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். கூர்மையால் அறுக்காமல் அறுப்பவரின் கைப்பலத்தால் மட்டுமே அறுக்கும் அளவுக்குக் கத்தி மழுங்கியிருந்தால், அந்தப் பிராணி ஹலாலாகாது என்பது அவர்கள் எழுதி வைத்த சட்டம். ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிய ஆட்டின் நிலை, ஒரு மழுங்கிய இரும்பால் கேள்விக்குள்ளாகலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சகோதரர்களே! நம் பகுதியில் இதன் கவலை இன்னும் அதிகம். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகளுக்காக வந்து குடியேறியவர்களே நம் ஜமாஅத்தில் பெரும்பான்மையினர். சொந்த ஊரில் குடும்பத்துக்கென்று அறுப்பவர் இருந்தார். இங்கே பெருநாளன்று கிடைப்பவரே அறுப்பவர். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் தொழ வந்து, பின் அவருக்காகக் காத்திருக்கிறீர்கள். அவரோ இருபதாவது வீட்டுக்கு வரும்போது, காலையில் தீட்டிய அதே கத்தியுடன் வருகிறார். அதே கத்தியால் தோலும் உரித்திருக்கிறார், எலும்பிலும் இடித்திருக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல கத்தி ஒன்று உங்கள் வீட்டில் தயாராக இருந்தால் அவரே மகிழ்ந்து அதை வாங்கிக் கொள்வார்.

உங்களில் பலர் உதிரிபாக ஆலைகளில் உலோகம் கடைபவர்கள். வெட்டும் கருவியின் முனை தேய்ந்தால் அழுத்தம் கூடும், சூடு ஏறும், பொருளில் பிசிறு எழும், அது கழிக்கப்படும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்கு தெரியும். இரும்புக்குக் காட்டும் அந்தக் கவனத்தை உயிருக்குக் காட்டுவது கடினமா?

கற்றுக் கொள்வது எளிது, பொறுமைதான் வேண்டும். இரும்புக்கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் மென்மையாகவும் உள்ள இருபக்கச் சாணைக்கல் கேளுங்கள். இவை பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு என்ற செயற்கைப் பொருளால் ஆனவை. அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன் 1891-இல் கண்டறிந்த அதற்குக் கார்போரண்டம் என்ற வணிகப் பெயர் நிலைத்துவிட்டது. நம் சென்னையிலேயே முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954 முதல் சாணைப் பொருள்கள் செய்து வருகிறது. வாசற்படிக் கருங்கல்லிலும் துவைக்கும் கல்லிலும் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். அவற்றின் மேடுபள்ளம் கத்தியின் விளிம்பைப் பல்லாக்கும்.

கல்லைத் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊற வையுங்கள். ஈரத்துணியின் மேல் வைத்தால் நழுவாது. தண்ணீர் என்றால் எப்போதும் தண்ணீர், எண்ணெய் என்றால் எப்போதும் எண்ணெய். இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றினால் கல் அடைத்துக் கொள்ளும்.

புதியவர் தடுமாறும் இடம் சாய்வு. ஒரு காகிதத்தின் செங்கோண மூலையை இரண்டாக மடித்தால் 45 பாகை; மீண்டும் மடித்தால் 22.5 பாகை. அந்த ஆப்பைக் கல்லின் மேல் வைத்து, கத்தியை அதே சாய்வில் பிடித்துப் பழகுங்கள். கத்தியின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள். மை விளிம்பில் மறையாமல் மேலே மட்டும் மறைந்தால் கத்தியை அதிகமாகப் படுக்க வைத்திருக்கிறீர்கள். விளிம்பின் நுனியில் மட்டும் மறைந்தால் அதிகமாக நிமிர்த்தியிருக்கிறீர்கள்.

கல்லின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பதுபோல், பிடியருகிலிருந்து நுனி வரை ஒரே சாய்வில் தள்ளுங்கள். முதலில் சொரசொரப்பான பக்கத்தில், கத்தியின் ஒரு புறத்தை மட்டும். சிறிது நேரத்தில் மறுபுற விளிம்பில் மெல்லிய பிசிறு திரளும். முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்புக்கு வெளியே விரலை இழுத்தால் அது தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. பிசிறு நுனி முதல் அடி வரை எழுந்தால்தான் அந்தப் புறம் முடிந்தது என்று பொருள். எண்ணிக்கையை நம்பாதீர்கள். பிறகு மறுபுறம். பிறகு மென்மையான பக்கத்தில், அழுத்தத்தைக் குறைத்துக் கொண்டே, இரு புறமும் மாறி மாறி. கடைசியாகப் பழைய தோல் இடைவாரின் உட்புறத்தில், விளிம்பு பின்னால் வருமாறு சில முறை இழுத்தால் எஞ்சிய பிசிறும் போய்விடும். செய்தித்தாளின் ஓரத்தைக் கிழிக்காமல் சீவினால் கத்தி தயார். பெருவிரலில் சோதிக்காதீர்கள்.

காய்கறிக் கத்தியில் துல்கஃதா மாதத்திலேயே பழகத் தொடங்குங்கள். வீட்டுப் பெண்களுக்கும் அது நன்மை. மழுங்கிய கத்திதான் தக்காளித் தோலில் வழுக்கி விரலில் இறங்குகிறது.

ஆலையின் கிரைண்டரில் இரண்டு நிமிடத்தில் முடித்து விடலாமே என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். அனுமதியின்றி நிறுவனத்தின் கருவியையும் நேரத்தையும் பயன்படுத்துவது அமானிதத்தில் கை வைப்பதாகும். குர்பானிக்காக அதைச் செய்வது இன்னும் விந்தை. அனுமதி கிடைத்தாலும் அந்த வேகத்தில் விளிம்பு நீலம் பாயும். நீலம் பாய்ந்த எஃகு பதம் இழந்துவிட்டது; தீட்டிய கூர் சில அறுப்புகளிலேயே போய்விடும். தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதில் தவறில்லை. விளிம்பில் பல் விழுந்த கத்திக்கு அவர் சக்கரமே ஏற்றது. அடிக்கடி நீரில் நனைக்கச் சொல்லுங்கள். வீட்டில் மென்கல்லில் பிசிறை நீக்கி முடியுங்கள்.

கழுத்துக்கென ஒரு கத்தியைத் தனியே வையுங்கள். கழுத்தின் அகலத்தைப்போல் இரு மடங்கு நீளம் இருந்தால் தடையின்றி இழுக்கலாம். எலும்புக்கும் தோலுக்கும் வேறு கத்தி. இரண்டு பிராணிகள் இருந்தால் ஒன்று மற்றொன்றைக் காணாத இடத்தில் அறுங்கள். இடையில் தீட்ட நேர்ந்தால் சுவருக்கு அப்பால் சென்று தீட்டி, துணியில் மறைத்துக் கொண்டு வாருங்கள்.

கூரான கத்திக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. அம்புடன் பள்ளிக்குள் செல்பவர் அதன் முனையைப் பிடித்துக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததைப் புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. எதிரே வருபவர்மேல் கீறல் படக்கூடாது என்பதே நோக்கம். ஆகவே கத்தியைக் கையில் ஏந்தித் தெருவில் நடக்காதீர்கள். பேருந்தில் வெறும் பையில் போட்டுக் கொண்டு வராதீர்கள். கனத்த அட்டையை மடித்து உறை செய்து, கயிற்றால் கட்டுங்கள். பக்கத்து வீட்டார் மாற்று மதத்தவராக இருந்தால் இது இன்னும் முக்கியம். ஒருவரிடம் கொடுக்கும்போது பிடியை அவர் பக்கம் நீட்டுங்கள். பெருநாள் முடிந்ததும் கழுவித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கல்லை நிழலில் உலர்த்திய பிறகே பெட்டியில் இடுங்கள்.